பிறழ் சாட்சி

முப்பத்தெட்டு வயதென்றால் பதினைந்து என்றார் வக்கீல்.
என்ன பதினைந்து?
பெருக்கு எண் அம்மா, அட்டவணையில் இருக்கு.
இன்னும் மூன்று வருஷம் கழித்து
அந்த லாரி இடித்திருந்தால் பதினான்குதானாம்.

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள்
என்ஜின் கழன்ற ரயில்போல விடிய விடிய நிற்கும்.
அதில் ஒன்று நகர்ந்தது. அவ்வளவுதான்.
தேசிங்கு ஓட்டினான், நான் பின்னால்,
மடியில் ஐஸ் பெட்டி.
பைக் சாய்ந்தபோது நான் பிடித்தது
தம்பியை இல்லை, பெட்டியை.
கைப்பிடிக்கும் தாருக்கும் நடுவே என் வலது மணிக்கட்டு.
ரோடெல்லாம் வவ்வால் மீன்.
அதையும் மனுவில் சேர்க்கலாமா என்றேன்.
பில் இருக்கா என்றார்.

செதில் சுரண்டி, செவுள் கிள்ளி, துண்டு போட
கிலோவுக்கு முப்பது ரூபாய்.
இடுப்புப் பையில் நனைந்து கிடந்து
சாயங்காலம் அரிசியாகிவிடுகிற ரூபாய்.
வருமானத்துக்குச் சான்று என்னவென்றால்
என் நைட்டியை மோந்து பாருங்கள் என்றா
நீதிபதியிடம் சொல்வது?

ஸ்டான்லியில் மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள்,
பேனாவைப் பிடி, இதை அழுத்து.
முப்பத்திரண்டு சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர்.
எந்த முப்பத்திரண்டு?
சீலாவின் முள்ளைத் தடவியே கண்டுபிடிக்கும் கட்டை விரலா,
மகளுக்கு ஜடை பின்னும் மற்ற மூன்றா?
கேட்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

கோர்ட் வராந்தாவில் ஒரு பையன்,
சாப்பாடு கொண்டுபோகிற கம்பெனிச் சட்டையோடு
காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.
அக்கா, உங்களுக்கு எவ்ளோ சதவீதம் என்றான்.
பரீட்சை மார்க் கேட்கிற மாதிரி.
அவனுக்கு நாற்பது.

அஞ்சலாட்சீ, அஞ்சலாட்சீ, அஞ்சலாட்சீ.

ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?
இல்ல ஐயா, ஆனா அடி கையில...
கேட்டதுக்கு மட்டும் பதில்.
டைப் அடித்தார்கள்:
நான் தலைக்கவசம் அணியவில்லை என்றால் சரிதான்.

இப்பவும் மார்க்கெட் போறீங்களா?
என் வக்கீல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டார்.
வீட்ல சும்மா இருக்கேன்னு சொல்லும்மா என்று
படியேறும்போதே சொல்லியிருந்தார்.
சும்மா.
இரண்டு வருஷமாய் யார் என்னைச் சும்மா இருக்க விட்டது?

இடது கைக்குக் கத்தி பழக்கினேன்.
முதலில் மத்தியைக்கூடக் கூழாக்கியது.
பிறகு சங்கரா, பிறகு கொடுவா,
போன ஆடிக்குள் வஞ்சிரத்தைத் தொட்டுவிட்டது.
இது கற்கக் கற்க அங்கே தொகை குறையும்,
ஒரு துண்டு நேராய் விழுந்தால்
சில ஆயிரம் போகும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் வெட்டியிருப்பேன்.

போறேன் ஐயா, இடது கையால.

நான் தற்போதும் அதே தொழிலைச் செய்துவருகிறேன் என்றால் சரிதான்.
இடது கை டைப் ஆகவில்லை.

ரேகை வைங்க என்று மைப்பெட்டியைத் தள்ளினார் கிளார்க்.
மனுவில் அப்படித்தான் வைத்திருந்தேன்,
மாவுக்கட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்த வலது கட்டை விரலால்.
கையெழுத்து போடுவேன் என்றேன்.
அ வயிறு பெருத்து வந்தது,
ஞ் வழியிலேயே மல்லாந்தது,
சி கட்டத்தைத் தாண்டிப் போய் நின்றது.
அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
இங்க ரேகை, இங்க கையெழுத்து.
ரெண்டும் ஒரே ஆளா?

வெளியே வந்ததும் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.
எதிராளி சாட்சி பிறழ்ந்து பாத்திருக்கேன்மா,
மனுதாரரே பிறழ்ந்து இப்பதான் பாக்குறேன்.
என்னைச் சொன்னாரா, கையைச் சொன்னாரா தெரியவில்லை.

வாய்தா இருபத்துமூன்றாம் தேதி.
வரேன் சார் என்றேன்,
ஆனா பதினொன்னுக்கு மேலதான்.
அதுக்குள்ள வஞ்சிரம் முடிஞ்சிடும்.