தேறல்

நேற்றிரவே தூக்கி வைத்தாயிற்று
மேல்வாளியை, வாஷிங் மெஷின் மேல்.
கீழ்வாளி தரையில்.
இடையே ஒன்றரை மீட்டர் குழாய்.
இதற்காகத்தான் இன்று லீவு;
லேபில் பல்வலி என்று சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டு நாள்
உறைந்த தண்ணீர்ப் போத்தல்களைக் காலையும் இரவும் மாற்றி
புக்கிட் பாஞ்சாங் வெயிலை
அதற்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தேன்.
குமிழ் விடுவது நின்றுவிட்டது.
ஈஸ்ட் வேலை முடித்து அடியில் படுத்துவிட்டது,
மூன்று விரற்கடை மண்டியாக.
எழுப்பாதவரை நல்ல பிள்ளை.

தம்பியைக் கூப்பிட்டேன்.
கதிரொளி என் ஹாலில் மெத்தை போட்டு
பத்தொன்பது நாள்.
அவன் வீட்டுச் சாவி இன்னும் பாக்கெட்டில்;
உட்காரும்போதெல்லாம் சத்தம் போடும்.
நான் கேட்கவில்லை.

"வாயால உறிஞ்சட்டா, பெட்ரோல் மாதிரி?"
"வாய் வச்சே, வெட்டுவேன்."

கொதித்தாறிய தண்ணீரைக் குழாய் நிறைய நிரப்பி
ஆளுக்கொரு முனையைக் கட்டைவிரலால் அடைத்தோம்.
என் முனையில் ஒரு சாப்ஸ்டிக்,
கோப்பிப் பை ரப்பர் பேண்டால் கட்டியது,
வாய் அடியைத் தொடாமல் நான்கு விரல் மேலே நிற்கும்படி.
விட்டோம்.
முதலில் வந்த தண்ணீர் குவளைக்கு.
பிறகு குழாய் நிறம் மாறியது,
பால் ஊற்றாத தேநீராய்.
கீழே சலசலப்பு கூடாது என்றேன்,
காற்று பட்டால் நனைந்த அட்டைப்பெட்டி ருசி வரும்.
"சத்தமே வரக்கூடாதா?"
"வரக்கூடாது."
அதில் அவன் கெட்டிக்காரன்.

பாதி இறங்கியிருக்கும்.
மேல்வீட்டில் சுவரை உடைக்கத் தொடங்கினார்கள்.

மெஷின் கதவு கிடுகிடுத்தது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்:
மண்டி எழுந்து உட்கார்ந்திருந்தது.
ஒரு வெளிர் இழை சாப்ஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு
குழாய்க்குள் ஏறியது.
"கிள்ளு!"
கிள்ளினான். இழை வளைவில் நின்றது.

"நோட்டீஸ் போட்டிருப்பாங்களே?"
போட்டிருந்தார்கள்.
போன வாரம் கதவிடுக்கில் கிடந்ததை
எட்டாக மடித்து வாளிக்கடியில் சொருகியது நான்தான்,
சாய்ந்திருந்தால் மண்டி ஒரு மூலைக்கு ஒதுங்குமே என்று.
தேதி, நேரம், சிரமத்துக்கு வருத்தம்,
எல்லாம் இருபத்து மூன்று லிட்டருக்குக் கீழே.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்,
அதுவும் அதிரும் என்பதுபோல.

துணிக் கிளிப் இரண்டு போட்டும் சொட்டியது.
விரலே வேண்டியிருந்தது.
தரையில் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கிள்ளினோம்,
அவர்கள் சாப்பிடப் போகட்டுமென்று.

அவன் முறையில்தான் சொன்னான்,
குழாயைப் பார்த்துக்கொண்டே:
"தாட்சாயணி வீட்ட விக்கலாங்கிறா.
அஞ்சு வருஷம் முடிய இன்னும் எட்டு மாசம் இருக்கு.
அதுவரைக்கும் விக்கவும் முடியாது."
மேலே ஒரு சுவர் விழுந்தது.
"அக்கா, இது தேறுமா?"

எதைக் கேட்டான் என்று தெரியவில்லை.
பள்ளியில் தமிழில் தேறாதவள் நான்.
இந்த ஒரு சொல்லை மட்டும்
பீர் காய்ச்சத் தொடங்கியபின் அகராதியில் தேடினேன்:
தேறல், தெளிந்த கள்.
அதே பக்கத்தில் பரீட்சையும் இருந்தது,
காய்ச்சலும், துக்கமும்.
"மணி என்ன?" என்றேன்.

பன்னிரண்டரைக்கு மேலே அமைதி.
இன்னும் ஒரு மணி நேரம் விட்டுவைத்தோம்.
வளைவில் நின்ற இழையைச் சாக்கடைக்கு விட்டு
மீதியை இறக்கினோம்.
கடைசியில் வாளியைச் சாய்க்கப் போனான்.
"ரெண்டு கிளாஸ் இருக்குக்கா."
"விடு."
"நல்லாத்தான் இருக்கு."
"தெரியும். விடு."

கழுவும்போது விரலால் தொட்டு
மண்டியை நக்கிப் பார்த்தான்.
ரொட்டி மாதிரி இருக்கிறதாம்.
ஊறிப்போன நோட்டீஸைப் பிரித்து வாசித்தான்:
நாளைக்கும் உடைப்பார்களாம்.

கீழ்வாளியை இருவருமாய்த் தூக்கி
வீட்டிலேயே அதிராத மூலையில் வைத்தோம்,
ஹாலில், அவன் மெத்தையருகே.
"ராத்திரி புரண்டு படுக்காதே" என்றேன்.