பதினான்காம் படுக்கை

தண்டர் பே. அதிகாலை மூன்று நாற்பது.
ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம்
இந்த நான்காம் மாடிவரை வராது.
எனக்கு முன்னால் திரையில்
பதினெட்டு இதயங்கள், பச்சைக் கோடுகளாய்.
ஒன்றின் முகத்தையும் நான் பார்த்ததில்லை.

பதினான்கில் ஏய்னோ லஹ்டினென், வயது எழுபத்துமூன்று.
துறைமுகத் தானியக் கிடங்கில்
முப்பது வருடம் கோதுமைத் தூசி தின்றவர்.
நள்ளிரவிலிருந்து அவர் கோடு
அளபெடுத்துக்கொண்டிருக்கிறது:
மேலறை கூப்பிடுகிறது, கீழறை பதில் சொல்கிறது
ஐந்து கட்டம் தள்ளி.
அடுத்ததற்கு ஏழு.
பிறகு எட்டு.
பிறகு கூப்பிட்ட குரல் மட்டும்.
மறுபடி ஐந்திலிருந்து,
ஒன்றுமே நடக்காததுபோல.

இதற்காக யாரையும் எழுப்ப வேண்டாம்.
தூக்கத்தில் சில பேருக்கு இப்படித்தான்.
'ம்' கொட்டிக்கொண்டு கதை கேட்பவர்
நடுவில் ஒரு 'ம்'மைத் தவறவிடுவதில்லையா?
என் வேலைக் கதைகளைப் பரிதி
அப்படித்தான் கேட்கிறான்.

மூன்று நாற்பத்தாறில் அந்த ஒழுங்கும் போயிற்று.
இரண்டு கூப்பாடு, ஒரு பதில்.
இரண்டு, ஒன்று.
துடிப்பு முப்பத்தாறு.
காகிதத்தில் எடுத்துக் கவராயத்தை ஊன்றினேன்.
எங்கே ஊன்ற?
இடைவெளி நீள்கிறதா என்று அறிய
அடுத்தடுத்து இரண்டு பதிலாவது வேண்டும்.
ஒற்றைப் பதிலை வைத்துக்கொண்டு
இது அசதியா, உள்ளே கம்பி அறுகிறதா என்று
எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

டாக்டர் பெல்ட்டியே போனில் கொட்டாவி விட்டார்.
"ஆளை எழுப்பிப் பாருங்கள்."

மரிசெல் போனாள்.
எனக்குக் குரல் கேட்காது, கோடு மட்டும்தான்.
முதலில் உடம்பு அசைந்த கிறுக்கல்.
பிறகு நாற்பத்தெட்டு,
அறுபது,
எழுபத்தொன்பது.
கூப்பிட்ட ஒவ்வொன்றுக்கும் பதில்,
வாய் மூடுமுன்.

"என்னவோ சொன்னார், ஃபின்னிஷ் போல,"
திரும்பி வந்தவள் சிரித்தாள்.
"வசவு என்று மட்டும் விளங்கியது."

பதிவேட்டில் எழுதினேன்:
எழுப்பினோம். சினந்தார்.
கடத்தல் ஒன்றுக்கு ஒன்று.

நான்கு இருபதுக்கு மறுபடி தூங்கிவிட்டார்.
ஐந்து கட்டம்.
கவராயத்தை இன்னும் கீழே வைக்கவில்லை.
ஏழு.
எட்டு.