அடியில் கிடப்பது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி
மாவு மில்லுக்குப் பின்னால் எங்கள் பட்டறை.
காலையில் மூட்டை பிரிக்கும்போது
முதலில் காதைத்தான் வேலைக்கு வைப்பேன்.
கசக்கினால் படபடவென்று கத்துவது பெட்.
முனகுவது பால் கவர்.
மடித்த இடத்தில் வெள்ளை விழுந்தால்
அது வேறு, தனிக் கூடை.
அதில் ஒரு பிடி கலந்துவிட்டாலும்
உருக்குகிற இடத்தில் மொத்தச் சரக்கும் பழுப்பேறிவிடும்.
லோடு ஏற்ற வரும் மகிமைதாஸ் சண்டைக்கு நிற்பான்:
"கண்ண நம்பாத சலோமி,
திருப்பிப் போட்டு அடிய பாரு."
அடியில், முக்கோணத்துக்குள், ஒன்று.
பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு தடவையும்
கிடைக்காத ஒன்று.

ராத்திரி ஷிப்டுக்குப் புதிதாக வந்த பையன்
காலி தண்ணி பாட்டிலில்
கொதிக்கக் கொதிக்க டீ வாங்கி வந்தான்.
இடுப்பு ஒடிந்து, கழுத்து கோணி,
என் கையிலேயே அது கிழமானது.
கண்ணாடிபோல் இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.
கண்ணாடியின் பொறுமை இதற்கு இல்லை.
கண்ணாடியின் கனமும்தான் இல்லை.
கீழே விழுந்தால் உடையாது,
சோடாவின் கோபத்தை
வாயை மூடிக்கொண்டு தாங்கும்.
லாரி வராத சித்திரையில்
தெருவே இரண்டிரண்டு லிட்டராகத் தண்ணீர் சுமந்தது இதில்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில், கழுத்தை அறுத்துவிட்டு,
அப்பாவுக்கு மூத்திரம் பிடித்ததும் இதில்தான்.
குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

மெஷின் கடித்துத் துப்பிய சில்லுகளைத்
தொட்டியில் கொட்டுவோம்.
நீல மூடி, பச்சை மூடி, கழுத்து வளையம்
எல்லாம் மேலே மிதந்து வரும்,
சாவு ஊர்வலம் போன தெருவில் பூப்போல.
பாட்டில் சில்லு மட்டும் நேராக அடிக்குப் போகும்.
தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம்.
அந்தக் கொஞ்சத்தில்தான் என் கூலி.

தங்கை ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட தேசப்பன்
காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன்.
இருபது பாகம் ஆழத்தில் வலை இழுத்தால்
நண்டு கொஞ்சம், பாட்டில் நிறைய என்கிறான்.
"மேல பாத்தா ஒண்ணும் தெர்ல, தண்ணி சுத்தமா கீது.
கீழேர்ந்து எப்டி வர்து?"
எனக்குத் தெரிந்திருந்தது.
கரையில் பிள்ளைகள் பொறுக்குவதெல்லாம் மூடி.
மூடி கழன்ற பாட்டில் கடலுக்குள் என்ன செய்யும் என்பது
பதினோரு வருஷமாக
முழங்கை வரை நனைத்துப் படித்த பாடம்.
கடலும் எங்கள் தொட்டியைப் போலத்தான் பிரிக்கிறது.
அள்ளத்தான் ஆள் போடவில்லை.

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம், ஆனாலும்.
தொட்டியில் நாங்கள் போடுவது வெறும் தண்ணீர் இல்லை,
கை தோல் உரிகிற காஸ்டிக்.
ராத்திரி பத்துக்கு மேல் அது கால்வாய்க்குப் போகிறது.
வாய்க்கால் எண்ணூருக்குப் போகிறது.
மதகைத் திறக்கும் முறை
வாரம் இரண்டு நாள் என்னுடையது.

சில்லு மூட்டை வடக்கே எங்கேயோ போய்
நூலாகிறதாம்.
நூலாகப் போனது திரும்பப் பாட்டிலாகி வந்து
நான் பார்த்ததில்லை.
புடவையாகி வரும்.
எம்.சி. ரோட்டில் பேரம் பேசி
இருநூற்றெண்பதுக்கு வாங்கினேன், மயில் கழுத்து நிறம்.
வேர்வையை உறிஞ்சாது, முதுகில் அப்படியே நிற்கும்.
ஆனால் ஒண்டிக் கொடியில் அரை மணியில் காய்ந்துவிடும்,
இஸ்திரி கேட்காது.
இரண்டே புடவைக்காரிக்கு வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை துவைத்த வாளியில்
கலங்கல் தெளியட்டும் என்று விட்டிருந்தேன்.
தெளிந்தது.
அடியில் மயிலின் நிறத்தில் ஒரு தூசி,
விரலால் தொட்டால் விரலுக்குத் தெரியாத அளவு.
வாளியைத் தூக்கிக்கொண்டு
சாக்கடை ஓரம் நின்றேன்.
தெருவுக்குள் மகிமைதாஸ் வண்டி
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.