சீனி போடும் முன்

வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கை ஒன்றில்,
நாலாம் மாடிப் பாத்ரூமுக்குள்
நீல வாளி பதினொரு நாளாய்க் குந்தியிருந்தது
ஈரத்துவாய் சுற்றி,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.

மோல்ட் கிடைக்கவில்லை.
குரக்கனைப் பல்கனியில் முளைகட்டி, உலர்த்தி, இடித்தேன்.
ஹொப்ஸ் மட்டும் சிங்கப்பூரிலிருந்து வந்தது
செல்வரூபியின் மச்சாள் பெட்டியில்,
மூலிகைத் தேயிலை என்ற பெயரில்.

என்ன மணம் என்று எதிர்வீட்டு அன்ரி கேட்டா.
தோசைமா என்றேன்.
பதினொரு நாளாய்ப் புளிக்கிற தோசைமா.
அவ நம்பினாவோ தெரியாது,
ஒரு கிண்ணம் தா என்று கேட்கவில்லை.

இன்னும் இரண்டு கிழமை வேண்டும்.
போத்தலுக்கு அரைத் தேக்கரண்டி சீனி,
இறுக்கின மூடி, இருட்டு.
அதற்குப் பிறகுதான் அதற்கு மூச்சு வரும்.

அப்போது பார்த்து வீட்டுக்காரர் எடுத்தார்.
"கீழ்வீட்டுச் சீலிங்கில தண்ணி கசியுதாம், தங்கச்சி.
நாளைக்கு ஒன்பதுக்கு பாஸ் ஒராளோட வாறன்,
பாத்ரூமைப் பாக்கோணும்."

எட்டு லீற்றர்.
அன்றைக்குப் போயா வேறு.
கொழும்பில் எல்லாத் தவறணையும் பூட்டிக் கிடக்க
என்னிடம் ஒரு வாளி நிறைய.
குழாயடியில் ஊற்றலாம்தான்,
ஆனால் கசிவு உண்மையென்றால்
கீழ்வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பியர் மழை பெய்யும்.

றெக்ஸன் வந்தான், தோளெல்லாம் நனைந்து.
செல்வரூபி மீன் ரோல்ஸோடு.
குடிக்காத இல்ஹாம் போத்தல் கழுவ வந்தான்,
கையில் தனக்கொரு நெக்டோ.
அந்த இரவு எங்கள் நால்வரில்
குமிழி இருந்தது அவனுடைய கிளாசில் மட்டும்.

சத்தமில்லை. நுரையில்லை.
ஆறிப்போன பிளேன்ரீயின் நிறம்.
முதலில் பாண் மணம்,
பிறகு, வெக்கைக்குப் புளித்ததால்,
கனிந்த வாழைப்பழம்,
கடைசியில் நாக்கின் அடியில் ஒரு பாவற்காய்.
"ஊமை பியர்" என்றாள் செல்வரூபி.
"உது பியர் இல்லை," றெக்ஸன் சொன்னான்,
"பியரின்ர பிறப்புச் சாட்சிப்பத்திரம்."
சிரித்தோம். இன்னொரு கிளாஸ் வார்த்தோம்.

வாயு இல்லாத பியர் வயிற்றோடு வாதாடுவதில்லை.
ஏப்பம் வராது.
தண்ணீர் மாதிரி இறங்கி
பேசாமல் தன் வேலையைச் செய்யும்.

நாலாவது கிளாசில் றெக்ஸன்
ரோல்ஸைப் பிய்த்தபடியே சொன்னான்.
"மூண்டு கிழமையா எனக்கு வேலை இல்லை.
ரையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடுறன்.
பம்பலப்பிட்டி ஸ்ரேசன் வாங்கில இருந்து
றெயின் எண்ணுறன்.
வீட்டில தெரியாது."

குழாயடியில் இல்ஹாமின் தூரிகை நின்றது.
யாரும் அவன் தோளில் கை போடவில்லை.
செல்வரூபிதான் கேட்டாள்,
"நேற்று எத்தினை?"
"முப்பத்தெட்டு."

கீழே, கடலோடு ஒட்டி,
மருதானைக்குப் போகிற ஒன்று கடந்தது.
கிளாசுக்குள் சின்னச் சின்ன வட்டங்கள்.
"இதை எண்ணேல்லையோ?" என்றேன்.
"இண்டைக்குப் போயா," என்றான். "லீவு."

நடுச்சாமத்தில் மூன்று லீற்றர் மிச்சம்.
யாருக்கும் இனி ஏலாது.
ஐந்து போத்தல், புனல், சீனிப் போத்தல்,
வெறியில் ஆடுகிற தேக்கரண்டி.
மூடி இறுக்கினது இல்ஹாம்,
நிதானம் அவனிடம்தான் இருந்தது.
ஒரே ஒருமுறை கட்டின என் கூறைச்சேலைக்குப் பின்னால்
அலுமாரியில் நிறுத்தி வைத்தோம்.

ஒன்பதுக்கு வீட்டுக்காரர் வந்தார்.
மூக்கைச் சுருக்கி, "மழைக்கு எல்லாம் புளிக்குது" என்றார்.
பாஸ் தரையில் குந்தி
வாளி நின்ற வட்டத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஓட்டைத் தட்டிப் பார்த்தார்.
கசிவு எங்களுடையது இல்லையாம்.
ஐந்தாம் மாடி.

இப்போது ஒன்பதாம் நாள்.
நேற்று இரவு றெக்ஸன் எழுதியிருந்தான்:
"இன்னும் சொல்லேல்ல. போத்தல் என்ன மாதிரி?"
போய்ப் பார்த்தேன்.
டோர்ச் வெளிச்சத்தில் ஐந்தும் ஒரே நிறம்,
அடியில் ஒரே மண்டி.

நாலுக்குத்தான் சீனி போட்டாய் என்கிறான் இல்ஹாம்.
ஐந்துக்கும் என்று சத்தியம் பண்ணுகிறாள் செல்வரூபி.
எனக்கு நினைவில்லை.