பூட்டு அவன் பெயரில்

என் சமையலறையில் சிக்னல் கிடையாது.
குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றால்
ஒரு கோடு. காற்று திரும்பினால் அதுவும் போகும்.
பேச வேண்டுமென்றால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு
தானியக் குதிர்கள் நிற்கும் மேட்டுக்குப் போக வேண்டும்.
அக்கா பில்லிங்ஸிலிருந்து அழைக்கும்போதெல்லாம்
லோரீன் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக
எந்திரக்காரி ஒருத்தி அவளிடம் சொல்கிறாள்.
முப்பத்தொரு வருடமாக இதே தெருவில்தான் இருக்கிறேன்.

போன கோடையில் மில்க் நதிக்கு அக்கரையில்
(பெயரில் மட்டும் பால், தண்ணீர் சேற்று நிறம்)
வேறொரு கம்பெனி கோபுரம் நட்டது.
இரவில் அதன் சிவப்பு விளக்கு
என் அடுப்புக்கு நேரே தெரிகிறது.
பார்த்துக்கொண்டே முட்டை பொரிப்பேன்.

புது சிம் வாங்கினேன். கம்மலைக் கழற்றி
அதன் கொக்கியால் தட்டைத் தள்ளிப் போட்டேன்.
'இந்த சிம் செல்லாது' என்றது.
துடைத்துப் போட்டேன். செல்லாது.
என் போன். இருபத்துநான்கு தவணையும்
பள்ளிப் பேருந்து ஓட்டிக் கட்டியது.
திரையின் விரிசல்கூட என்னுடையதுதான்,
ஜனவரியில் ஏழாம் எண் பேருந்தின் படியில் விழுந்தது.

பழைய கம்பெனிக்கு அடித்தேன். நாற்பது நிமிடம் பியானோ.
மேட்டில், எஞ்சினை அணைக்காமல், கையுறையோடு.
பிறகு ட்ரெவோன் என்றொரு பையன்.
பதினைந்து இலக்கம் கேட்டான், வாசித்தேன்.
பாக்கி இல்லை மேடம் என்றான்.
திருட்டுப் போன் இல்லை என்றான்.
எல்லாம் சரி என்றான். அப்புறம், ஆனால் என்றான்.
'கணக்கு வெண்டல் ஹாக்ஸ்ட்ரா பெயரில் இருக்கிறதே.
அவர் சம்மதிக்க வேண்டும்.'

வெண்டல் போய் மூன்று வருடம்.
செத்தல்ல. ஆறு தெரு தள்ளி.
நீதிபதி எங்களுக்கு வீட்டைப் பிரித்தார், படகைப் பிரித்தார்,
உறைபெட்டியில் கிடந்த மான் இறைச்சியை
எடை போட்டுப் பிரித்தார்.
போன் கணக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.
மாதாமாதம் என் பங்கு ஐம்பத்திரண்டு டாலரை
உறையிலிட்டு அவன் தபால் பெட்டியில் வைப்பேன்.
'வந்தது' என்று ஒரு துண்டில் எழுதி
என் வண்டியின் துடைப்பானில் செருகிவிட்டுப் போவான்.
எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவே.

நெடுஞ்சாலை டிப்போவுக்குப் போனேன்.
அங்கே நான்கு கோடும் எரிகிறது. அவன் ராசி.
பனி வாரும் லாரிக்கு அடியில் படுத்திருந்தான், கையெல்லாம் கிரீஸ்.
போனை நான்தான் அவன் காதோரம் பிடித்தேன்.
இந்த முறை ஒரு பெண். பிறந்த தேதி கேட்டாள், சொன்னான்.
ரகசிய எண் கேட்டாள். என்னைப் பார்த்தான்.
பூஜ்யம் ஆறு ஒன்று நான்கு என்றேன்.
கல்யாண நாள் இல்லை. நாய் வந்த நாள்.

'இந்த எண்ணை விடுவிக்கச் சம்மதமா, சார்?'

நீதிமன்றத்தில்கூட இதை
இப்படி நேராக அவனிடம் யாரும் கேட்டதில்லை.
வக்கீல்கள்தான் பேசினார்கள்.
லாரியிலிருந்து உருகிய பனி ஒரு சொட்டு
அவன் நெற்றியில் விழுந்தது.
சம்மதம் என்றான்.
'கேட்கவில்லை, சார்.'
சம்மதம்! என்றான்,
டிப்போவே திரும்பிப் பார்த்தது.

இரண்டு நாளில் திறக்கும் என்றார்கள்.
எப்போது திறந்ததென்று தெரியாது.
பூட்டு திறந்தால் ஒரு சத்தம் வேண்டாமா?

எண்ணை மாற்றப் புதுக் கம்பெனிக் கடைக்குப் போனபோது
அங்கிருந்த பெண் பளபளவென்று ஒரு போனை நீட்டினாள்.
காசே வேண்டாமாம். இரண்டு வருடம்
எங்களோடு இருந்தால் போதும் என்றாள்.
வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை.
அவள் விரலில் மோதிரம் புதிதாக இருந்தது.

இப்போது சமையலறையில் மூன்று கோடு.
அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.
எட்டரைக்கு ஒரு செய்தி வந்தது. அவன்.
'வந்ததா?'

ஒரு கையில் கரண்டி.
மறு கையால் 'வந்தது' என்று அடித்தேன்.
அனுப்பவில்லை.
அக்கரையில் விளக்கு அணைகிறது, எரிகிறது.
முட்டையின் ஓரம் கருகத் தொடங்கிவிட்டது.