மூன்று நிமிடம்

டாஷ்போர்டில், இருமல் மருந்துப் புட்டிக்குள்
நின்றபடி வருகிறது சிலந்தி ஆர்க்கிட்.
ஒரே ஒரு பூ. அதைக் கிள்ளியதற்கும்
அனுமதிக் கடிதம் வைத்திருக்கிறாள் நெரிடா.
ஓட்டுவது நான். அவள் லைசென்ஸை
ஜூலையில் பிடுங்கிக்கொண்டார்கள்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

செப்டம்பர். தீப்படாமலே கருகிய நிறத்தில்
அயர்ன்பார்க் மரங்கள்.
தங்கம் தோண்டியவர்கள் மூடாமல் போன குழிகளில்
மழைத்தண்ணீர்.
நிறுத்து என்பாள். இறங்கி
ஒரு கட்டை மேல் புட்டியை வைத்து
கடிகாரம் பார்ப்பாள்.
மூன்று நிமிடம். வந்தால் வந்தது.

வரவேண்டியது ஒரு குளவி. ஆண்.
அதன் பெண்ணுக்குச் சிறகில்லை.
மண்ணுக்குள்ளிருந்து ஒருநாள் புல்நுனி ஏறி
மணம் விட்டுக் காத்திருக்குமாம்.
அந்த மணத்தை அப்படியே வைத்திருக்கிறது இந்தப் பூ,
தேன் ஒரு சொட்டும் வைக்காமல்.

ஏமாற்றுக்காரி, என்றேன்.
ஏமாற ஆளில்லாத காட்டில்
ஏமாற்றுக்காரி எப்படிப் பிழைப்பாள், என்றாள்.

அவள் கொட்டகையில், பூஞ்சையூட்டி வளர்த்த
நூற்று நாற்பது கிழங்குகள்,
பட்டாணி அளவில், இடம் கேட்டுக் கிடக்கின்றன.
குளவி இல்லாத மண்ணில் நட்டாலும் பூக்கும்.
வருஷா வருஷம் பூக்கும்.
அவ்வளவுதான்.

ஓடை வளைவு: இல்லை.
மூடிய பள்ளிக்கூடத்தின் பின்புறம்: ஓர் எறும்பு.
சரணாலயம் என்று பலகை நட்ட இடத்தில்
அதுகூட இல்லை.
பத்தாவது இடத்தில் புட்டியை அவள் கீழே வைக்கவே இல்லை,
கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.
நானும் மணி பார்க்கவில்லை.

பசித்தது. நகராட்சிக் குப்பைமேட்டு வாசலில்
வண்டியை நிறுத்தி சாண்ட்விச் பிரித்தோம்.
ஏதாவது இறக்கணுமா என்று
டிரெம்பாத் ஜன்னலில் குனிந்தபோது
அவன் காதோரமாய் நுழைந்தது
ஒரு கறுப்புக் கோடு.
நேரே பூவுக்குப் போய் அதைக் கட்டிக்கொண்டு
உடம்பை வளைத்து, வளைத்து,

குளவி! என்று அவன் செய்தித்தாளைச் சுருட்ட
இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.
நெரிடாவின் மடியெல்லாம் பீட்ரூட்.

முதுகில் மஞ்சளாய் ஏதோ ஒட்டியிருக்க
வந்த வழியே வெளியேறியது,
வேலி தாண்டி, செத்த ஃபிரிட்ஜுகள் தாண்டி,
காடென்று யாரும் கணக்கில் சேர்க்காத
இருபது முப்பது கோணல் மரங்களுக்குள்.

நோட்டில் எழுதினாள்:
இடம், குப்பைமேடு. மணி, ஒன்று பன்னிரண்டு.
எண்ணிக்கை, ஒன்று.
பிறகு, இன்னும் மிரண்டு நின்ற டிரெம்பாத்திடம் கேட்டாள்:
ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?