நிலைமை அறிக்கை

பொருள்: மலை, மழை வரும் நேரம்.
எண்ணெய் வண்ணம், முப்பதுக்கு இருபத்திரண்டு அங்குலம்.
வரைந்தவர் எம்ரிஸ் ப்ரோதரோ, வேல்ஸ்காரர்.
இங்கிலீஷ்காரர் என்று போட்டுவிடாதே,
செத்தும் சண்டைக்கு வருவார் என்கிறாள் ரோஷன்.
பைகுல்லாவில் அவள் பாட்டனார் கட்டடத்து மூன்றாம் மாடியில்
ஒன்பது மாத வாடகைக்கு ஈடாக விட்டுப்போனது.

நாம் அகரம் எழுதி எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு,
அது மலை மலையாய்க் கிடக்கும் ஊரில் பிறந்தவர்.
அப்பா அதை உடைத்தார். அது அப்பாவை உடைத்தது.
மகன் முப்பத்தொன்றில் கப்பலேறி
ரயில்வேக்கு விளம்பரப் படம் போட வந்தார்.
கண்டாலா, இகத்புரி, மாத்தேரான்,
எதைப் போட்டாலும் அவர் ஊர்ப் பச்சை.
மே மாதத்தில் புல் ஏது என்று
ஒரு நகலின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார் மேலதிகாரி.
பதில் இல்லை.
அடுத்த வருஷம் சம்பளமும் இல்லை.

பிறகு பார்சிப் பெண்பிள்ளைகளுக்கு வாட்டர்கலர் ட்யூஷன்,
மூன்று முறை மலேரியா,
ஒரு கண்காட்சி, விற்றது நான்கு,
வாங்கியவர்களில் இருவர் பணம் தரவில்லை.
ஐம்பத்திரண்டில் இறந்தபோது
இரானிக் கடையில் பதினோரு ரூபாய் பாக்கி.

சேதம்: இடது மூலையில் கிழிசல், பழைய ஒட்டு.
வண்ணத்தில் சிக்கிய கொசு ஒன்று, இறக்கை முழுசாக.
எடுக்கவில்லை.
வானம் முழுக்கக் கருமேகம். அதில்
எது அவர் தூரிகை, எது எழுபது பருவமழையின் பூஞ்சை,
விளக்கைச் சாய்த்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

பஞ்சுக்குச்சியை நாக்கில் வைத்து உருட்டினேன்.
எங்கள் தொழிலில் எச்சிலுக்கு இணையான மருந்து இல்லை.
அம்மாவிடம் இதைச் சொன்னதில்லை.
கட்டைவிரல் அகலம் துடைத்தேன்.
பஞ்சு கறுத்தது.
அடியில் நீலம். வெறும் நீலம்.
இன்னோர் இடம்.
நீலம்.

அப்போதுதான் புல்லைப் பார்த்தேன்:
காய்ந்து, வைக்கோல் நிறத்தில்,
நடுவே மாடு படுத்து எழுந்த தடம்.
ஒரே ஒருமுறை அந்த மனிதர்
மே மாதத்தை உள்ளபடி வரைந்திருக்கிறார்.
மழையைப் போட்டது பம்பாய்.

ஃபோனில் ரோஷன்: வெள்ளிக்கிழமை ஏலம்,
அந்த மேகத்துக்குத்தான் விலை, தொட்டுவிடாதே.
சரி என்றேன்.

நிலைமை என்ற கட்டம் இன்னும் காலி.
ஜன்னலுக்கு வெளியே ஃபோர்ட்டில்
ஜூன் ஒன்பது, துளி இல்லை.
மேஜைமேல் கறுத்த பஞ்சு மட்டும்
ஈரமாக இருக்கிறது.